கொக்கு சொன்ன எண்

தண்ணீர் வடிந்த மறுநாள் அந்தத் தாழ்வான தெருவுக்குள் காலை வைத்ததும் அவளுக்குப் பரிதாபம் வருவதற்கு முன்னால் குமட்டல்தான் வந்தது. அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. ஆற்று வெள்ளம் என்றால் சேறு வரும், சருகு வரும், செத்த மீன் ஒன்றிரண்டு வரும். இங்கே ஆறு வரவே இல்லை. ஆறு தடுப்பணைக்குப் பின்னால் ஏறி நின்றுகொண்டது. அதில் போய் விழ வேண்டிய சாக்கடை, போக்கிடம் இல்லாமல் வந்த வழியே திரும்பி, வீட்டுக்கு வீடு குளியலறைத் துளையிலும் கழிப்பறையிலும் குபுகுபுவென்று மேலே எழும்பிவிட்டது. ஊரில் யார் யாரோ கழுவி விட்டதெல்லாம் இந்தத் தெருக்காரர்களின் கட்டிலுக்கடியில் கிடந்தது. சுவர்களில் முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. அந்தக் கோட்டுக்குக் கீழே ஒட்டிக் காய்ந்துகொண்டிருந்ததை வாயால் சொல்லக் கூசும்.

அவள் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட பிறகுதான், தெருவில் வேறு ஒருவரும் மூக்கைக் கட்டவில்லை என்பது கண்ணில் பட்டது. அவர்களுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அவிழ்க்க முடியவில்லை.

தெருமுனையில் அவள் வைத்த மின்பலகை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. ஆற்றில் மேலணையிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று ஒரு எண், அதற்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு. எண் கோட்டைத் தாண்டினால் சாமான்களை மேலே ஏற்றிவிட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் புரிகிற விஷயம். பலகைக்கு நேர் கீழேதான் தையல் கடை. தையல்காரம்மா வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெஷினின் சந்து பொந்தெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பள்ளிச் சீருடைகள் ஒரு குவியல். அவை ஒரு காலத்தில் வெள்ளைச் சட்டைகள்.

பலகை வேலை செய்யவில்லையா என்று கேட்டாள் அவள். நன்றாகவே வேலை செய்தது என்றாள் தையல்காரம்மா. காலையிலிருந்து தலையை நீட்டி நீட்டிப் பார்த்தாளாம். மத்தியானம் எண் கோட்டைத் தாண்டியதையும் பார்த்தாளாம்.

"பார்த்துட்டு ஏம்மா மெஷினை மேலே ஏத்தல?"

"கால்பங்கு கழிச்சா கோட்டுக்குக் கீழதானே மேடம் வருது?"

விடிந்தால் வெளிச்சம் வரும் என்கிற மாதிரி சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டு, தையல்காரம்மா மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள். அவள் பலகையை அண்ணாந்து பார்த்தாள்.

அவள்தான் இந்த நீர்க்கணக்கு அமைப்பைக் கட்டிய பொறியாளர். ஒரே ஆறு, அதில் மூன்று அலுவலகங்கள். மேலே அணை, நடுவில் தடுப்பணை, கடைசியில் கடைமடை. மழை எவ்வளவு, ஆற்றில் எவ்வளவு, கிணறுகளில் எவ்வளவு என்று மூன்று பேரும் தனித்தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டு, அதை அடுத்தவன் கண்ணில் படாமல் அடைகாத்தார்கள். கூட்டுக் குழு என்று ஒன்று ஏற்பட்டு, எல்லாக் கணக்கையும் ஓரிடத்தில் சேர்த்து எல்லாருக்கும் காட்டும் வேலையை அவள் தலையில் கட்டியது. குழாயடிச் சண்டையைத் தீர்த்துவைப்பது அதைவிடச் சுலபம். ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கினாள், கெஞ்சினாள், முறைத்தாள். கடைசியில் மேலணைக்குக் கீழே பாலத்திலிருந்து ஒரு இரும்புக் கையை நீட்டி, அதன் நுனியில் வெள்ளைப் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டாள். அது நாள் முழுக்கக் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கும், ஓடுவது எவ்வளவோ அதை மூன்று அலுவலகத் திரைகளிலும் தெருப் பலகையிலும் காட்டும். அணை ஊழியர்கள் அதற்குக் கொக்கு என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது, மேலதிகாரிகளும் கூட்டங்களில் கொக்கு என்றே சொன்னார்கள்.

கொக்கு வருவதற்கு முன்னால் எல்லாம் தொலைபேசியில்தான். மேலணைக்காரர்கள் தாங்கள் திறந்துவிட்டதை ஏற்றிச் சொல்வார்கள், தாராளப் பிரபுக்கள் என்று பெயர் வாங்க வேண்டுமே. தடுப்பணைக்காரர்கள் அதில் கால்பங்கைக் கழித்துக்கொண்டு மதகைத் திறப்பார்கள். தங்களுக்கு வந்ததைக் கடைமடைக்குச் சொல்லும்போது இவர்கள் குறைத்துச் சொல்வார்கள். கடைமடைக்காரர்கள் அதைக் கூட்டிக்கொள்வார்கள். பொய் சொல்கிறவனுக்கும் வெட்கம் இல்லை, கேட்கிறவனுக்கும் கோபம் இல்லை. எல்லாருக்கும் அளவு தெரிந்த பொய். அலுவலகத்தில் இதற்கு மரியாதையாக ஒரு பெயரும் இருந்தது: பழக்கம். வேலைக்குச் சேருகிற புது ஆளுக்கு நாற்காலி எது, கழிப்பறை எது என்று காட்டுகிற கையோடு பழக்கத்தையும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

இந்த அசிங்கத்தை ஒழிக்கத்தான் அவள் கொக்கைக் கட்டினாள். ஒழித்துவிட்டோம் என்றும் நினைத்தாள். சொல்கிற பக்கம் பொய் நின்றுவிட்டது, கேட்கிற பக்கம் கழிப்பது நிற்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவே இல்லை. மேலணை ஏற்றிச் சொன்னபடியே தடுப்பணை அலுவலகம் முன்பெல்லாம் தன் வாசல் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிப்போட்ட எண்ணை நம்பி, இந்தத் தெருக்காரர்கள் மூட்டை முடிச்சோடு எத்தனையோ தடவை ஓடி, ஏமாந்து திரும்பி, கடைசியில் தாங்களும் கழிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். முதல் முறையாக ஒருவர் உண்மையைச் சொன்னபோது, ஊரே சேர்ந்து அதில் கால்பங்கைக் கழித்துவிட்டது.

"இனிமே கழிக்காதீங்க," என்றாள் அவள். நாறிக் கிடந்த அந்த மெஷின் மேலேயே கையை வைத்துச் சொன்னாள். "பலகை என்ன காட்டுதோ அதுதான் தண்ணி. ஒரு சொட்டுக்கூட கழிக்காதீங்க. இதுக்கு நான் பொறுப்பு."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சரி மேடம் என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், சமையலறையில் அவளுடைய தம்பி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு டம்ளர் தேநீர் ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது. தடுப்பணையில் மதகு திறக்கும் வேலை அவனுக்கு. அப்பா போன பிறகு அவனைப் படிக்கவைத்தவள் அவள்தான். படிப்பு ஏறவில்லை என்றானதும் இந்த வேலைக்காக அலையாய் அலைந்தவளும் அவள்தான். கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை இருக்கிறது. அன்று மத்தியானம் மதகுச் சக்கரத்தைப் பிடித்திருந்தது அவன்.

"நீயுமாடா கழிச்சே?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திரையில் எண்ணைப் பார்த்தானாம், பார்த்ததும் மனசு தானாகவே கழித்ததாம், கை அதற்குத் தகுந்தபடி சக்கரத்தைச் சுற்றியதாம். வந்த தண்ணீருக்கு மதகு போதவில்லை. பின்னால் ஏற ஆரம்பித்ததைப் பார்த்து அவன் மறுபடி திறக்கப் போவதற்குள் தெருவில் சாக்கடை எதிர்த்துவிட்டது.

பயிற்சி வகுப்பில் தொண்டை வறளச் சொன்னேனே, இது மனுஷன் சொல்கிற எண் இல்லை, கருவி சொல்வது என்று சொன்னேனே என்று அவள் கத்தினாள். அவன் நிமிர்ந்தான்.

"நீ சொன்னேக்கா. புதுப் படிவம் வந்தப்பவும் இதையேதான் சொன்னாங்க. கம்ப்யூட்டர் வந்தப்பவும் சொன்னாங்க. இனிமே எல்லாம் உண்மைக் கணக்குன்னு. ஒவ்வொரு தடவையும் கழிச்சவன்தான் பிழைச்சான்."

அவளிடம் வழி ஒன்று இருந்தது. விசாரணையில், கொக்கு சரியாகத்தான் சொன்னது என்று அவள் அறிக்கை கொடுப்பாள். கால்பங்கு கழிப்பது அலுவலகமே சொல்லிக்கொடுத்த பழக்கம் என்று அவன் சொல்ல வேண்டும். அப்போது குற்றம் அவன் தலையில் விழாது, பழக்கத்தை வளர்த்தவர்கள் தலையில் விழும். கொக்கும் பிழைக்கும், அவனும் பிழைப்பான். அவன் சொல்லாவிட்டால் இரண்டில் ஒன்று போய்விடும். திரை காட்டியதற்கு மாறாக மதகைத் திறந்தவன் என்று அவன் சீட்டைக் கிழிப்பார்கள், வழக்கும் போடுவார்கள். இதை அவள் அவனுக்குக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"கேட்டா சொல்லிடறேன்க்கா," என்றான். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

கூட்டுக் குழுவின் கூட்ட அறை எப்படி இருக்கும் என்று சொன்னால்தான் மீதியும் விளங்கும். ஏ.சி. ஒழுகும். அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. தண்ணீரைப் பற்றியே பேசுகிற அந்த அறையில், கூட்டம் முடிந்ததும் பாதி குடித்த தண்ணீர்ப் பாட்டில்கள் மேசை முழுக்க நிற்கும், அவற்றை அப்படியே குப்பையில் கொட்டுவார்கள். தட்டில் கிரீம் பிஸ்கட். குழுத் தலைவருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் சர்க்கரை, ஏனென்றால் அவர் வாயிலிருந்து கசப்பாக ஒரு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. அவர் பேனா மூடியால் காதைக் குடைவார், குடைந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகு அதே கையால் பிஸ்கட் தட்டை எல்லார் பக்கமும் அன்போடு நகர்த்துவார்.

அன்று மூன்று அலுவலகத் தலைவர்களும் வந்திருந்தார்கள். கிணற்று ஆழத்தைக் கேட்டால்கூட மேலிடத்து அனுமதி வேண்டும் என்று முகத்தைத் திருப்புகிற ஆசாமிகள், அன்று ஒரே சோபாவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலணைக்காரர் தடுப்பணைக்காரரின் தோளில் கை போட்டிருந்தார். கடைமடைக்காரர் இரண்டு பேருக்கும் பிஸ்கட்டைப் பிரித்துக் கொடுத்தார். அவள் இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தியும் வராத ஒற்றுமை, ஒரு சாக்கடை எதிர்த்ததும் வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

சர்க்கரை ஆரம்பித்தார். யாரையும் குறை சொல்லும் நோக்கம் குழுவுக்கு இல்லையாம். ஊழியர்கள் எல்லாரும் ஒரே குடும்பமாம். தவறு நேர்ந்தது உண்மைதானாம், ஆனால் அது மனிதத் தவறு அல்லவாம். கொக்கு அன்றைக்குத் தண்ணீரைக் குறைத்துக் காட்டிவிட்டது, மதகுக்காரர் அதை நம்பித் திறந்தார், அவ்வளவுதான். மூன்று அலுவலகமும் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று. அமைப்பைக் கட்டியவர் என்கிற முறையில் அவளும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டால் சாப்பாட்டுக்குப் போகலாம்.

கொக்கு குறைத்துக் காட்டவில்லை என்றாள் அவள். அன்றைய எண்கள் நிமிடத்துக்கு நிமிடம் சேமிப்பில் இருக்கின்றன, தெருப் பலகையிலும் ஊரே பார்த்தது, வேண்டுமானால் தெருவில் போய்க் கேட்டுப் பாருங்கள் என்றாள். தெருவில் போய் யாரும் எதையும் கேட்கவில்லை என்பது அப்போது அவளுக்குத் தெரிந்தது. கேட்கும் உத்தேசமும் இல்லை. தடுப்பணைக்காரர் அந்தத் தெருவின் பெயரைச் சொன்னதும் மூக்கைச் சுளித்தார். வீடு நாறாத ஆள் அவர்தான், மூக்கைச் சுளித்ததும் அவர்தான்.

"சேமிப்பைப் பத்திக் கவலைப்படாதீங்கம்மா," என்றார் சர்க்கரை. "கட்டினவங்களே கருவி தப்புன்னு சொல்லிட்டா, அது சேமிச்சு வச்சதும் தப்புதானே?"

அவள் பிறகு மறைக்கவில்லை. பழக்கத்தைப் போட்டு உடைத்தாள். மேலணை ஏற்றிச் சொன்னது, தடுப்பணை கழித்தது, கடைமடை கூட்டியது, தெரு கழித்தது எல்லாவற்றையும் மூன்று பேர் முகத்துக்கு நேரே சொன்னாள். அது மூன்று பேருடைய அடிமடியிலும் கை வைக்கிற விஷயம். மேலணைக்காரர் பிஸ்கட்டை வாயில் வைத்தபடி மெல்லாமல் இருந்தார். முதலில் சமாளித்துக்கொண்டவர் சர்க்கரைதான். அப்படி ஒரு பழக்கம் இருப்பதாகத் தன் காதுக்கு எட்டியதே இல்லை என்றார், சற்றுமுன் குடைந்த அதே காதைத் தொட்டு. இருந்தாலும் கேட்டுவிடுவோம், மதகுக்காரரையே கேட்டுவிடுவோம்.

தம்பி உள்ளே வந்தான். தலையைப் படிய வாரியிருந்தான். சட்டை புதிது. அவன் வாழ்க்கையில் அந்த அறைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாளியைப் பார்த்தான்.

"தம்பி, பயப்படாம சொல்லுங்க," என்றார் சர்க்கரை. "திரையில வர்ற எண்ணுல கால்பங்கு கழிக்கிற பழக்கம்னு ஏதாவது உண்டா?"

"அப்படி எதுவும் இல்லைங்க சார்," என்றான் அவன். "திரையில என்ன காட்டுச்சோ அதுக்குத்தான் திறந்தேன்."

தடுப்பணைக்காரர் சோபாவில் சாய்ந்து, வாத்தியார் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் எல்லாம் விளங்கிவிட்டது. இடையில் யாரோ அவனைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். என்ன பேசியிருப்பார்கள் என்பதும் விளங்கியது: நீ ஒன்றும் யோசிக்காதே, உன் அக்கா உன்னை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

சர்க்கரை அவள் பக்கம் திரும்பினார். குரலில் தேன் ஒழுகியது. "இப்போ பாருங்கம்மா. பழக்கம்னு ஒண்ணு இல்லைன்னு அவரே சொல்லிட்டார். கருவி சரின்னு நீங்க சொன்னா, அப்போ தம்பி வேணும்னே குறைச்சுத் திறந்தார்னு ஆகுது. வழக்கு வேற போட வேண்டியிருக்கும். உங்க இஷ்டம்."

அவன் பொய்யைச் சொல்லித் தன் கழுத்திலேயே கயிற்றை மாட்டிக்கொண்டு, மறுமுனையை அவள் கையில் கொடுத்துவிட்டு நின்றான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்துவிட்டான். கோபத்தைவிட அருவருப்புதான் முந்திக்கொண்டு வந்தது. சோபாவில் இருந்த மூன்று பேர் மேலும், காதைக் குடைந்தவர் மேலும் வந்ததைவிட, தலையைப் படிய வாரி நின்ற அந்தச் சொந்த முகத்தின் மேல் அதிகமாக வந்தது. அவனைக் கண்டபடி கேட்க நாக்கு துடித்தது. கூடவே அவனுடைய பெண் குழந்தை அத்தை அத்தை என்று காலைக் கட்டிக்கொள்வதும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

பேனாவை நீட்டினார் சர்க்கரை. மூடி இல்லாத பேனா. அவள் தன் பையிலிருந்து வேறு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கொக்கு அன்று தண்ணீரைக் குறைத்துக் காட்டியது என்பதற்கு, கொக்கைப் பெற்றவளே சாட்சி ஆனாள்.

படிக்கட்டில் தம்பி ஓடிவந்து சேர்ந்துகொண்டான். முகம் தெளிந்திருந்தது. டீ குடிக்கலாமா என்று கேட்டான்.

"நீ போட்டுடுவேன்னு எனக்குத் தெரியும்க்கா."

அவள் நின்று அவனை உற்றுப் பார்த்தாள். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

"ஏன்க்கா இப்படிப் பார்க்கிறே? கொக்குக்கு என்ன பொண்டாட்டி புள்ளையா இருக்கு?"

அவன் பிடித்த கையை அவள் உருவிக்கொண்டாள். அலுவலகக் குழாயடியில் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். துடைத்துவிட்டு, மறுபடியும் கழுவினாள்.

ஒரு பொய்யில் கையெழுத்துப் போட்டால் அது அதோடு நிற்பதில்லை. கருவி குறைத்துக் காட்டியது என்று முடிவானால், அதைத் திருத்த வேண்டாமா? சர்க்கரை அடுத்த கூட்டத்தில் வாயெல்லாம் பல்லாக அறிவித்தார். கொக்கு இனி கொஞ்சம் உயர்த்திக் காட்டும்படி திருத்தப்படும். எவ்வளவு என்பதையும் அவர்களே கச்சிதமாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். தடுப்பணையில் வழக்கம்போல் கால்பங்கைக் கழித்தால், உண்மைத் தண்ணீர் எவ்வளவோ அவ்வளவு வந்து நிற்கும். இல்லாத பழக்கத்துக்கு இவ்வளவு துல்லியமாக இடம் விட்டிருந்தார்கள். மேலணைக்காரருக்குப் பரம சந்தோஷம். அவர் திறந்துவிடும் தண்ணீர் இனிமேல் கருவியின் வாயாலேயே பெருகி வரும்.

அந்தத் திருத்தத்தை அவள் கையாலேயே போடச் சொன்னார்கள். மறுத்துப் பார்த்தாள். அறிக்கையில் யார் கையெழுத்து இருக்கிறது என்று சர்க்கரை இனிமையாகக் கேட்டார். தம்பியின் விசாரணைக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை என்பதையும் அதே இனிமையோடு நினைவுபடுத்தினார். அவள் போட்டாள். இதில் சகிக்க முடியாத விஷயம் என்னவென்றால், அமைப்பு முன்னைவிட நன்றாக வேலை செய்தது. திரை பொய்யைக் காட்டியது, தம்பி கால்பங்கைக் கழித்தான், மதகு சரியாகத் திறந்தது. மூன்று அலுவலகமும் ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொண்டன. முன்மாதிரியான நீர்த்தகவல் பகிர்வு என்று யாரோ மேலிடத்திலிருந்து பாராட்டுக்கூட அனுப்பினார்கள். பாராட்டு வந்த அன்று அறையில் கேக் வெட்டினார்கள். ஒரு துண்டைச் சர்க்கரை தன் விரலாலேயே எடுத்து அவள் தட்டில் வைத்தார். அதை அவள் அந்தச் சொட்டு வாளியில் போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த பெருமழை வந்தது. அவள் அலுவலகத் திரையில் எண் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்புக் கோட்டைத் தாண்டியது. கால்பங்கைக் கழித்துப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே, பயமில்லை. நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றுவிட்டது. தானாகக் கழித்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், தம்பி சொன்ன மாதிரியே, மனசு கழித்துவிட்டிருந்தது. அப்போதுதான் தெருப் பலகை நினைவுக்கு வந்தது. பலகையும் அதே கொக்கின் எண்ணைத்தான் காட்டும். ஒரு சொட்டும் கழிக்காதீர்கள் என்று மெஷின் மேல் கை வைத்துச் சொன்னது யார்?

மழையில் நனைந்துகொண்டே தெருவுக்குப் போய்ச் சேர்ந்தாள். தெரு முழுக்க ஒரே களேபரம். ஒருவரும் கழிக்கவில்லை. அவள் சொல்லைத் தெருவே நம்பியிருந்தது. கட்டில்கள் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஒரு வீட்டில் எழுந்து நடக்க முடியாத பெரியவரை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வலி தாங்காமல் முனகினார். தையல்காரம்மா கடை உத்தரத்தில் புதிதாக ஒரு கப்பி மாட்டியிருந்தாள். மெஷினைக் கயிற்றில் கட்டி, பற்களைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கீழே தண்ணீர் இல்லை. வரவும் வராது. சாக்கடை பாட்டுக்கு ஆற்றைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது.

அவளைப் பார்த்ததும் தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. "வாங்க மேடம். பார்த்தீங்களா, கோட்டைத் தாண்டினதும் ஏத்த ஆரம்பிச்சுட்டோம். நீங்க சொன்ன மாதிரியே."

பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் இன்னும் இரண்டு தடவை இப்படி ஏற்றி இறக்கினால், இவர்களாகவே மறுபடி கழிக்கக் கற்றுக்கொள்வார்கள், அவளைத் திட்டிக்கொண்டே. நாற்காலியில் இருந்த பெரியவர் மறுபடி முனகினார்.

"இறக்கிடுங்க," என்றாள். "தண்ணி வராது. கால்பங்கு கழிச்சுக்குங்க."

கயிறு தையல்காரம்மாவின் கையில் விறைத்து நின்றது. மெஷின் அந்தரத்தில் மெல்லச் சுற்றியது.

"ஒரு சொட்டும் கழிக்காதீங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

"அப்போ, போன தடவை பலகை காட்டினது?"

"அது உண்மை."

"இது?"

அவள் முகமே பதிலைச் சொல்லிவிட்டது. தையல்காரம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு அவளைப் பார்த்தாள். அன்று இந்தத் தெருவில் கால் வைத்தபோது தன் முகத்தில் எது இருந்ததோ, அதையே அவள் இப்போது தையல்காரம்மாவின் முகத்தில் பார்த்தாள். மூக்கைக் கட்டிக்கொள்ளத்தான் ஒரு கைக்குட்டை இல்லை.

"அடுத்த மழைக்குக் கழிக்கணுமா, வேண்டாமா மேடம்? அதை முன்கூட்டியே யாரு வந்து சொல்லுவாங்க?"

சொல்வதற்கு யாரும் இல்லை. தையல்காரம்மா கயிற்றை ஒரு கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வாயில் ஊறியதைச் சாக்கடைப் பக்கம் திரும்பித் துப்பினாள்.

"தள்ளி நில்லுங்க, மெஷின் உங்க மேல விழுந்துடப்போகுது," என்று சொல்லிவிட்டு மறுபடியும் மேலே இழுக்க ஆரம்பித்தாள்.